பரணில் கிடைத்த கூடை எந்த ஊர்க் கூடை?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் மூன்று பழைய கூடைகள் கிடைத்தன. ஒன்று ஓலைப்பெட்டி. ஒன்று கறுப்பும் சிவப்புமாக மெருகு பூசிய வட்டப் பெட்டி. மூன்றாவது பித்தளைக் கொக்கி வைத்த மூடிக்கூடை. தாத்தாவின் அண்ணன் சைகோனில் வேலை பார்த்தவர், எல்லாமே அங்கிருந்து வந்தவைதான் என்கிறார் பெரியம்மா. எப்படி உறுதி செய்வது?

பதில்: பெரியம்மா சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியும் வியட்நாமின் சைகோனும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது இந்தப் பக்கத்துக்காரர்கள் அங்கே உத்தியோகம் பார்த்தது உண்மை. ஆனால் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும்கூடக் கப்பலில் சாமான் வந்திருக்கிறது. அதனால் கூடையைத்தான் கேட்க வேண்டும். முதலில் எதனால் ஆனது, அடுத்து அடி எப்படித் தொடங்குகிறது, பிறகு வாய் விளிம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உருவத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். உருவத்தை யாரும் பார்த்துச் செய்துவிடலாம், அடி போடும் கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒரு டார்ச்சும் வேண்டும். ஏற்கெனவே உடைந்து நிற்கும் முனையைப் பாருங்கள், புதிதாக வெட்டாதீர்கள். மூங்கில் சிம்பில், அதாவது பிளந்த மூங்கில் பட்டையில், தோல் பக்கம் நார் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக விலகியும் இருக்கும். பிரம்பில் ஊசித்துளைகள் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும்.

ஓலைப்பெட்டி பனை ஓலையா ஈச்ச ஓலையா என்று பாருங்கள். ஈச்ச ஓலை ஒடுக்கமாக இருக்கும். பனை ஓலை என்றால் அதை வைத்து மட்டும் ஊரைச் சொல்ல முடியாது, கடலூரிலிருந்து யாழ்ப்பாணம்வரை பனை இருக்கிறது. சதுர அடியில் மெல்லிய ஓலை நெருக்கமாகப் பின்னியிருந்தால் கொட்டான் என்ற செட்டிநாட்டு ஓலைக்கூடையை நினைக்கலாம். உள்ளே ஓலை, வெளியே பனை நார் பொத்தியிருந்தால் அது கடகம்.

வட்டப் பெட்டியில் மெருகு உதிர்ந்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள், முதலில் மூடியின் உள்விளிம்பில். அங்கே லென்ஸை வையுங்கள். மெல்லிய மூங்கில் சிம்பு வளையம் வளையமாகச் சுற்றியோ பின்னியோ தெரிந்து, மேலே நுண்ணிய கீறல் கோலத்தில் வண்ணம் நிரப்பியிருந்தால், அது பெரும்பாலும் பர்மாவின் பகான் பக்கத்து வேலை. அந்தக் கறுப்பு நம்மூர்ப் பூச்சி அரக்கு அல்ல, மரத்திலிருந்து வடித்த பால். தின்னர் தொட்டுச் சோதிக்கவே கூடாது.

பித்தளைக் கொக்கிக் கூடையின் மூடி உட்புறத்திலும் அடியிலும் சீன எழுத்து இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சீனக் கூடைகளில் உடையவர் பெயர் எழுதும் வழக்கம் உண்டு. சைகோனை அடுத்த சோலோனிலும் பினாங்கிலும் சீனர்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். ஆகவே பெரியம்மா சொல்வது இந்த ஒன்றுக்குப் பொருந்தலாம். அப்போதும் அது வாங்கிய ஊராக இருக்கலாம், முடைந்த ஊர் வேறாக இருக்கலாம்.

வயதைக் கணிக்கும்போது பளிச்சென்ற சாயத்தைப் பார்த்துப் புதுசு என்று தள்ளிவிடாதீர்கள். செயற்கைச் சாயம் 1856-லேயே வந்துவிட்டது. பின்னல் மடிப்புக்குள் நிறம் அடர்ந்தும் வெளியே வெளுத்தும் இருந்தால் அது நாள்பட்ட வெயில். எங்கும் ஒரே பழுப்பாக இருந்தால் சாயம் ஏற்றிப் பழசாக்கியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

எண்ணெய் பூசுவது, கழுவுவது, வெயிலில் காயவைப்பது மூன்றும் வேண்டாம். சிறு துளையிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. ஓலைப்பெட்டியானால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், உடனே பிரித்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மெருகுப் பெட்டியை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், மெருகு வெடித்துவிடும்.