சிரமதான அறுவடை: எந்தப் பயிருக்கு எப்போது ஆள் தேவை?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னாலுள்ள காணியில் சில குடும்பங்கள் சேர்ந்து தோட்டம் செய்கிறோம். ஒக்டோபர் போயா விடுமுறையில் இருபது பேரைச் சிரமதானத்துக்கு அழைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுவடை செய்ய நினைக்கிறோம். போன முறை வெண்டிக்காய் முற்றிப்போயிருந்தது, கீரை மதியத்துக்குள் வாடிவிட்டது. எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்: எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்கு ஒதுக்காதீர்கள். வெண்டி போயா வரைக்கும் காத்திருக்காது. பூத்த 4 முதல் 6 நாளுக்குள் காய் பதத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் நார் ஏறிவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த காய்ப்பும் குறையும். ஆகவே வெண்டிக்கும் பயிற்றைக்கும் இரண்டு வீட்டாரை முறை வைத்து, ஒன்றுவிட்ட ஒரு நாள் பறிக்கச் சொல்லுங்கள். பயிற்றங்காயைக் காம்பை ஒட்டிக் கிள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. அதே பூத்தண்டில்தான் அடுத்த காயும் வரும்.

இருபது பேரின் கைபலம் தேவைப்படுவது கிழங்குக்குத்தான். நட்டு மூன்றரை, நான்கு மாதமான வற்றாளையில் முதலில் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகம் நிறம் மாறாமல் காய்ந்தால் தோண்டலாம். கறுத்தால் இன்னும் முற்றவில்லை. மண்வெட்டியை அடித்தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள். புதியவர்கள் அவசரப்பட்டுக் கிட்டே வெட்டுவார்கள். காயம்பட்ட கிழங்கு அழுகும், அதை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். நல்ல கிழங்கைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதிர்த்து, நிழலில் நாலைந்து நாள் பரப்புங்கள். கொழும்பின் வெக்கையும் ஈரப்பதனும் தோல் ஆறுவதற்கு உதவும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி கல்லாகிவிடும்.

மரவள்ளி வேறு விதம். பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடும். அன்றைக்குப் பங்கிட முடிந்த அளவுக்கு மட்டும் பிடுங்குங்கள், மீதி மண்ணிலேயே இருக்கட்டும். இரண்டு வாரம் முன்பே கொப்பை வெட்டிவிட்டு அடித்தண்டை மட்டும் நிறுத்தினால் பிடுங்கிய கிழங்கு இன்னும் சில நாள் தாங்கும்.

அன்றைய வேலையைக் காலை 6 மணிக்கே தொடங்குங்கள். ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை வரக்கூடும், 10 மணிக்குப் பிறகு வெயிலும் ஏறிவிடும். முதலில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன். கங்குனைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மீண்டும் தளிர்க்கும். அறுத்த கீரையைக் கட்டி, ஈரச் சாக்கால் மூடி உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். போன முறை வாடியதற்கு, வெயிலில் குவித்து வைத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பனி காய்ந்த பிறகுதான் பயிற்றைக் கொடியைத் தொட வேண்டும். நனைந்த இலையில் கை பட்டால் நோய் செடிக்குச் செடி பரவும். கத்தரிக்காயைக் காம்போடு வெட்டுங்கள். பளபளப்பு மங்கியிருந்தால் விதை முற்றிவிட்டது. காய்களை உரப்பையில் திணிக்காமல் கூடையில் முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள்.

நாலைந்து பேருக்கு ஒரு பழகிய ஆள் இருக்கட்டும். கத்தி, மண்வெட்டி சிறுவர் கைக்குப் போகக் கூடாது. வெண்டிச் சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். மழை ஈரமுள்ள மண்ணில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு: பூட்ஸ் அவசியம், காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம், தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேலை முடிந்ததும் வாளி, சிரட்டை எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

ஆர்வத்தில் வற்றாளைக் கொடியைக் குப்பைக்குப் போட்டுவிடுவார்கள், கவனம். நுனிக்கொடியில் ஓர் அடி நீளத் துண்டுகளை வெட்டி நிழலில் வைத்து, ஓரிரு நாளில் பெரும்போக மழைக்கு நட்டுவிடுங்கள்.