யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

உவமை, கதைசொல்லி பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் வேலூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

குடியாத்தம், பிளஸ் டூ மாணவி: ஐயா, மதிமுகம், முகமதி இரண்டையும் பரீட்சையில் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறேன்.

மதிமுகம் என்றால் மதி போன்ற முகம். ‘போன்ற’ ஒளிந்திருக்கிறது, ஆகவே உவமைத்தொகை. முகமதி என்றால் முகமே மதி, உருவகம். மார்க்குக்கு இது போதும்மா.

சத்துவாச்சாரி: ‘தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அது என்ன அணி சார்?

அணியே கிடையாது. அத்தனையும் அப்பட்டமான தகவல். பாலாறு பெரும்பாலும் மணல்தான். ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல்தான் இருந்தது. 1981இல் லிங்கம் உள்ளே போனது, அதுவும் உங்கள் சத்துவாச்சாரியிலிருந்து! அந்த வரி காலாவதியாகியும் நாம் விடவில்லை, பாருங்கள். வெளியூர்க்காரர் சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. நாமே சொன்னால் செல்லமாகிவிடுகிறது. சொல் அதேதான், வாய்தான் வேறு.

ஆற்காடு: ‘செம்புலப் பெயனீர் போல’ என்று புலவர் எவ்வளவு அழகாகக் காதலை வர்ணிக்கிறார்!

அழகுதான். ஆனால் புலவர் வர்ணிக்கவில்லை. குறுந்தொகை 40ஆம் பாட்டு தலைவன் கூற்று, அதாவது பாட்டில் வரும் காதலனே பேசுவது. இவன் விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிற பெண்ணிடம் பேசுகிறான். செம்மண்ணில் விழுந்த மழையைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியுமா? ஆக அது ஒரு வாக்குறுதி. உவமைக்கு வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு வகை சொன்னார் தொல்காப்பியர். இங்கே நிறமும் இருக்கிறது, ஆனால் அவளைத் தேற்றுவது கலத்தல் என்ற வினை. எழுதியவர் பெயர் தெரியாமல், அந்த உவமையே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது.

ராணிப்பேட்டை: மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ நாவலில் கதை சொல்லும் வேலய்யன் மு.வ.தானே?

மு.வ.வுக்குச் சொந்த ஊர் வேலம், வேலய்யன் வளர்வது பக்கத்து வாலாஜாவில். சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் வேலய்யன் ஒரு பாத்திரம். நண்பன் சந்திரனைத் தான் பார்த்த அளவுக்கும் கேள்விப்பட்ட அளவுக்கும்தான் சொல்ல முடியும். சந்திரன் மீது அவன் தரும் தீர்ப்பை மு.வ.வின் தீர்ப்பாக அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காட்பாடி, கதை எழுதிப் பழகுபவர்: படர்க்கையில் எழுதுகிறேன். ‘என்று நினைத்தாள்’ போட்டுப் போட்டு எனக்கே அலுக்கிறது.

இதைப் பாருங்கள்: ‘சாந்தி பஸ்ஸுக்கு நின்றாள். மணி ஒன்பது ஆகியிருந்தது. வந்த மாதிரிதான். இன்னிக்கும் அந்த மேனேஜர் மூஞ்சியில முழிக்கணும்.’ முதல் இரண்டு வாக்கியம் கதைசொல்லியுடையது. மற்றது சாந்தி. யாரும் அறிவிக்கவில்லை, பேச்சுத் தமிழே காட்டிக்கொடுத்தது. ‘முழிக்கணும்’ என்பதில் நான், அவள் என்ற அடையாளம் இல்லை. நம் மொழியில் இது பெரிய வசதி. கதைசொல்லியே ‘இன்னா’, ‘கீது’ என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இந்த உத்தி எடுபடாது, இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கும். அப்போது அவள் கோபத்தையோ நையாண்டியையோ கூட்டித்தான் பிரிக்க வேண்டும்.

உங்கள் கதையில் ‘நினைத்தாள்’ எல்லாவற்றையும் ஒருமுறை அடித்துவிட்டுப் படியுங்கள். எங்கே குழம்புகிறதோ அங்கே மட்டும் ஒன்றைத் திரும்பப் போடலாம்.