எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த) சண்டையில், 'இவர்தான் ஜெயிப்பார்' என்று எல்லோரும் சொல்லும் வீரர் மீது பந்தயம் கட்டினால் லாபம்தானே?

இல்லை. எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யின் சண்டைகளைப் பல வருஷமாகப் பார்க்கும் ரசிகனாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பந்தய விலை என்பது, ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கட்டியதையும் சேர்த்துத் திரும்பக் கிடைக்கும் தொகை. ஒருவருக்கு 1.25, எதிராளிக்கு 4.00 என்று விலை போட்டிருந்தால், நூறை அந்த எண்ணால் வகுக்க, முதலாமவருக்கு 80 சதவீத வாய்ப்பு, அடுத்தவருக்கு 25 என்று பொருள். கூட்டினால் 105 வருகிறதே? அந்த அதிகப்படி 5-தான் பந்தயம் நடத்துபவரின் பங்கு. 1.25-ல் நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் கைக்கு வரும் லாபம் 25 ரூபாய்; ஒரு தோல்வி, நான்கு வெற்றியின் லாபத்தைத் தின்றுவிடும்.

அந்த ஒரு தோல்வி இந்த விளையாட்டில் சட்டென்று வரும். கையுறை வெறும் 4 அவுன்ஸ். சுத்தமாக விழுந்த ஒரே அடியில் சண்டை முடியலாம். 2015 நவம்பரில் மெல்பர்னில் ரோண்டா ரௌஸியும் ஹாலி ஹோமும் மோதினார்கள். ரௌஸி அதுவரை தோல்வியே காணாத சாம்பியன். ஹோம் ஜெயிப்பார் என்று நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஹோம் முன்னாள் குத்துச்சண்டை உலகச் சாம்பியன். ரௌஸி பாய்ந்து பாய்ந்து வந்தார். ஹோம் விலகி நின்று இடக்கையால் குத்திக்கொண்டே இருந்தார். இரண்டாம் சுற்றின் 59-வது விநாடியில், கழுத்தில் விழுந்த ஓர் உதையோடு எல்லாம் முடிந்தது. இன்று பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இருவரின் சண்டைப் பாணிகள் எப்படி மோதும் என்பதைப் பந்தய விலை சரியாகச் சொல்லிவிடாது. வீரர்களின் மறைவான காயமும் அதில் தெரியாது; அது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். 2022-ல் யு.எஃப்.சி. தன் சண்டைகள் மீது தன் வீரர்கள் பந்தயம் கட்டவே தடை போட்டது.

நான் பணம் கட்டுவதில்லை. கட்டினால் சண்டையைப் பார்க்க மாட்டேன், என் காசைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.