அக்கிலீஸ் நினைச்சிருந்தா ஊருக்குப் போயிருக்கலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிரேக்கக் கதையில வர்ற அக்கிலீஸ் பாதி தெய்வம், அவன மாதிரி வீரன் கிடையாது, ஆனா சின்ன வயசுலயே சாகணும்னு விதி. எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சுன்னா அவன் வச்ச அன்புக்கும் பட்ட கோபத்துக்கும் என்ன அர்த்தம்? அவன் வெறும் பொம்மைதானே?
(கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, இந்த இடத்துலதான் நிறைய பேரு அவன தப்பா புரிஞ்சுக்கறாங்க. அவனுக்கு எழுதியிருந்த விதி ஒண்ணு இல்ல, ரெண்டு. கிரேக்கர்கள் ட்ராய் நகரத்து மேல நடத்தின போரப் பத்தி ஹோமர் பாடின காவியம் இலியட், மொத்தம் 24 பாகம், அதுல 9ஆவது பாகத்துல அவனே வாய்விட்டு சொல்றான், ட்ராய்ல நின்னு சண்டை போட்டா வீடு திரும்ப மாட்டேன், ஆனா பேரு அழியாது, கப்பலேறி ஊருக்குப் போயிட்டா பேரு போயிடும், ஆனா ரொம்ப நாள் வாழ்வேன், இத எங்கம்மா தெட்டிஸ் சொல்லியிருக்கான்னு. தெட்டிஸ் கடல் தேவதை, அப்பா பீலியஸ் நம்மள மாதிரி சாகப்போற மனுஷன். ரெண்டு வழியும் அவன் முன்னாடி திறந்துதான் கிடந்துச்சு.

அத சொல்ற நேரத்துல அவன் எந்தப் பக்கம் சாஞ்சிருந்தான்னு பாருங்க, வீட்டுப் பக்கம். பிரிசெயிஸ்ங்கற பெண்ண கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான் அவன்கிட்டேர்ந்து பறிச்சுக்கிட்டான், அந்தக் கோபத்துல சண்டைக்கே போகாம கூடாரத்துல உக்காந்திருக்கான், அவன சமாதானம் பண்ண ஒடிசியஸ், ஏஜாக்ஸ், அவன மடியில வச்சு வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் மூணு பேரும் வர்றாங்க. தங்கம், குதிரை, ஏழு ஊரு, அகமெம்னான் பொண்ணு, எல்லாத்தையும் தர்றேன்னு செய்தி. இவன் மாட்டேங்கறான். மாடு ஆடு போனா கொள்ளையடிச்சாவது கொண்டு வரலாம், பல்லு வரிசையத் தாண்டிப் போன உயிர எதக் குடுத்தும் திரும்ப வாங்க முடியாதுங்கறான். கிரேக்கப் படையிலயே பெரிய வீரன் இப்படிப் பேசறான்! எனக்கு அந்த வீரன விட இந்த மனுஷனத்தான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஏன் போகல? பேட்ரோக்ளஸ். சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா வளர்ந்தவன். கிரேக்கக் கப்பலுக்கு ஆபத்து வந்தப்போ, நீ வரலன்னா உன் கவசத்தையாவது குடு நான் போறேன்னு அழுதுக்கிட்டே கேக்கறான், இவனும் குடுத்து அனுப்பறான், கப்பல்கிட்டேர்ந்து எதிரிய விரட்டிட்டு திரும்பிடு, ட்ராய் மதில் பக்கம் போகாதன்னு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்பறான். ஆனா அவன் ஜெயிக்கற வேகத்துல மதில் வரைக்கும் போயிடறான், ட்ராய் இளவரசன் ஹெக்டர் கையால சாகறான். சேதி கேட்டு அக்கிலீஸ் மண்ண வாரி தலையில போட்டுக்கிட்டு புரண்டு அழற சத்தம் கடலுக்கு அடியில இருக்கற அம்மாவுக்குக் கேக்குது. அவ ஓடி வந்து சொல்றா, மகனே ஹெக்டர கொன்னா அடுத்தது உன் சாவுதான்னு. அதுக்கு அவன் சொல்ற முதல் பதில், அப்போ நான் இப்பவே சாகறேன், என் தோழன் செத்தப்போ பக்கத்துல நிக்க முடியலையேன்னு. புகழப் பத்தி அதுக்கப்புறம்தான் பேசறான்.

அதனால பொம்மைன்னு சொல்லாதீங்க தம்பி. ஊருக்குக் கிளம்பறேன்னு சொன்னவன நிறுத்தி வச்சது விதி இல்ல, ஒருத்தன் மேல வச்ச பாசம். காதல் ஒரு பக்கம் இழுக்குது விதி இன்னொரு பக்கம் இழுக்குதுன்னு நாம நினைக்கறோம், ஆனா இந்தக் கதையில விதி வந்து சேர்ந்ததே அந்தப் பாசத்து வழியாத்தான்.

கேள்வி: அக்கிலீஸும் பேட்ரோக்ளஸும் நண்பர்களா, காதலர்களா?
(வாசகி, கோவை)

இலியட்ல எங்கயும் காதலர்கள்னு நேரா சொல்லல. பின்னாடி வந்த கிரேக்கர்கள்ல பல பேரு அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க, நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் அப்படித்தான் எழுதினாரு, தத்துவ அறிஞர் பிளாட்டோ எழுதின 'விருந்து'ங்கற உரையாடல்லயும் அந்தப் பேச்சு வருது. நான் எந்தப் பேரும் வைக்க விரும்பல. பேட்ரோக்ளஸ் ஆவி கனவுல வந்து, நம்ம ரெண்டு பேரு எலும்பையும் ஒரே கலசத்துல வைக்கணும்னு கேக்குது, இவன் அத கட்டிப்பிடிக்கப் போறான், அது புகை மாதிரி நழுவிடுது. அந்த 23ஆவது பாகத்தப் படிச்சா போதும்மா.

கேள்வி: பிரிசெயிஸ் அக்கிலீஸ காதலிச்சாளா? சினிமால பெரிய காதலா காட்டறாங்களே?
(இல்லத்தரசி, சேலம்)

இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். அவ ஊரு லிர்னெஸஸ். அந்த ஊர அழிச்சது அக்கிலீஸ். அவ புருஷன கொன்னது அக்கிலீஸ். அவளோட மூணு அண்ணன் தம்பியும் அதே நாள்ல செத்தாங்க. அதுக்கப்புறம் அவள போர்ப் பரிசா இவனுக்குக் குடுத்தாங்க. இத மறந்துட்டு காதல் கதைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அவன் பக்கம் ஏதோ இருந்துச்சு, ஈட்டியால ஜெயிச்சு கொண்டு வந்தவளா இருந்தாலும் மனசார நேசிச்சேன்னு 9ஆவது பாகத்துல சொல்றான். அதே வாயாலதான் 19ஆவது பாகத்துல, பேட்ரோக்ளஸ் செத்த பிறகு, இவளுக்காகவா நாங்க சண்டை போட்டுக்கிட்டோம், லிர்னெஸஸ்ல பிடிச்ச அன்னைக்கே ஆர்ட்டெமிஸ் தேவதை அம்பு விட்டு இவள கொன்னிருக்கலாமேங்கறான். அவ மனசு என்னன்னு காவியம் ரொம்பக் கொஞ்சமாத்தான் காட்டுது. அகமெம்னான் ஆளுங்க கூட்டிட்டுப் போனப்போ விருப்பமில்லாம நடந்து போனான்னு ஒரு வரி. அப்புறம் திரும்பி வந்தப்போ பேட்ரோக்ளஸ் பிணத்து மேல விழுந்து அழறா, நீதான் என்ன அழவிடாம தேத்தின, அக்கிலீஸுக்கு முறைப்படி கட்டிவைக்கறேன்னு சொன்ன, எப்பவும் தன்மையா இருந்தியேன்னு. அவளோட சேர்ந்து மத்த அடிமைப் பெண்களும் அழறாங்க, பேருக்கு பேட்ரோக்ளஸுக்காக, உள்ளுக்குள்ள அவங்கவங்க சொந்த துக்கத்துக்காகன்னு ஹோமர் எழுதறாரு. அத்தனை வீரத்துக்கு நடுவுல இத பாத்து எழுதினாரு பாருங்க, அதுக்காகவே அவர கும்பிடலாம்.

கேள்வி: குதிகால்ல மட்டும்தான் அடிபடும்னு சொல்றாங்களே, உண்மையா?
(வாசகர், நாகர்கோவில்)

இலியட்ல அது இல்ல. 21ஆவது பாகத்துல ஒருத்தன் எறிஞ்ச ஈட்டி அவன் கைய உரசி ரத்தமே வருது. உடம்புல அடிபடாம இருக்கணும்னு அம்மா குழந்தைய ஸ்டிக்ஸ்ங்கற பாதாள ஆத்துல முக்கி எடுத்தாங்கற கதை ரொம்பப் பின்னாடி, கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ்கிட்ட வருது. ஹோமரோட அக்கிலீஸுக்கு உடம்பு முழுக்க அடிபடும், அது தெரிஞ்சேதான் களத்துல இறங்கறான்.

கேள்வி: கடவுள் நினைச்சா விதிய மாத்த முடியாதா?
(வாசகி, தஞ்சாவூர்)

தெய்வங்களுக்கெல்லாம் தலைவர் ஜீயஸ், அவரோட சொந்த மகன் சார்ப்பிடான், அவனும் பாதி தெய்வம்தான், ட்ராய் பக்கம் நின்னு சண்டை போட்டவன். பேட்ரோக்ளஸ் கையால அவன் சாகப்போறப்போ ஜீயஸே தடுமாறறாரு, காப்பாத்தி தூக்கிட்டுப் போயிடலாமான்னு. அவர் மனைவி ஹீரா சொல்றா, செய், ஆனா அப்புறம் மத்த தெய்வங்களும் அவங்கவங்க பிள்ளைகளக் காப்பாத்தக் கிளம்பிடும்னு. அவரால எதுவும் சொல்ல முடியல, பூமி மேல ரத்தத் துளியா மழை பெய்ய வைக்கறாரு. தெய்வமா இருந்தாலும் அப்பன் அப்பன்தானே.

கேள்வி: கடைசியில அக்கிலீஸ் தன் முடிவ நினைச்சு வருத்தப்பட்டானா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்)

ஐயா, அவன் சாவு இலியட்ல வராது, ஹெக்டரோட ஈமச்சடங்கோட காவியம் முடிஞ்சிடும். அதுக்கு முன்னாடி ஹெக்டரோட அப்பா, கிழட்டு ராஜா ப்ரயாம், ராத்திரில எதிரி கூடாரத்துக்கு வந்து, தன் பிள்ளையக் கொன்ன அந்தக் கையையே முத்தமிட்டு, உன் அப்பாவ நினைச்சுப் பாருப்பாங்கறாரு. அக்கிலீஸ் உடைஞ்சு அழறான், தான் திரும்பி வரமாட்டோம்னு தெரியாம ஊருல காத்திருக்கற பீலியஸ நினைச்சு, பேட்ரோக்ளஸ நினைச்சு. பிணத்தையும் குடுத்து, 11 நாள் சண்டைய நிறுத்தி வைக்கறேன்னு வாக்கும் குடுக்கறான்.

உங்க கேள்விக்கு நேரான பதில் ஹோமரோட இன்னொரு காவியம் ஒடிசில இருக்கு, 11ஆவது பாகம். பாதாளத்துக்குப் போன ஒடிசியஸ், நீ இங்கயும் ராஜா மாதிரி இருக்கியேன்னு அவன்கிட்ட சொல்றான். அக்கிலீஸ், சாவ இனிப்பா பேசாத, செத்தவங்க எல்லாருக்கும் ராஜாவா இருக்கறத விட, சொந்த நிலமில்லாத ஏழைகிட்ட கூலிக்கு வேலை செஞ்சு உயிரோட இருப்பேங்கறான். அதோட, எங்கப்பா எப்படி இருக்காரு, வயசான காலத்துல யாராவது மதிக்கறாங்களா, என் பையன் எப்படி இருக்கான்னு கேக்கறான். அப்பா பத்தி ஒடிசியஸுக்குத் தெரியல. பையன் நியோப்டாலமஸ் நல்லா இருக்கான், காயமில்லாம ஊருக்குக் கப்பலேறினான்னு சொல்றான். அத கேட்டதும் அக்கிலீஸ் வேற எதுவும் பேசல, அந்தப் பூங்காட்டு வெளியில பெரிய பெரிய எட்டு வச்சு சந்தோஷமா நடந்து போயிடறான்.