நாலு கிலோமீட்டர்தானே!

கேள்வி: என் கணவரின் ஆபீஸ் 14 கி.மீ. தள்ளி. ஒரே ரயில், 40 நிமிடத்தில் போய்விடுகிறார். என் வேலையிடம் 4 கி.மீ.தான், எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடலாம் என்று, சம்பளம் குறைந்தாலும் பக்கத்தில் சேர்ந்தேன். மகளைப் பள்ளியில் விட்டு, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறுகிறேன். "நாலு கிலோமீட்டர்தானே, அப்படி எங்கே சுத்துற?" என்கிறார். என்ன பதில் சொல்ல?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அவர் கேட்ட கேள்வியை நகரங்களே ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தன, அம்மா. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1999-ல், ஒன்பதாம் வட்டாரத்து மக்களிடம் தினமும் எங்கெங்கே போகிறீர்கள் என்று படிவம் கொடுத்தார்கள். ஆண்கள் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார்கள்: காலையில் போனேன், சாயங்காலம் வந்தேன். பெண்களோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே நடைபாதைகள் அகலமாயின, தெருவிளக்குகள் கூடின. ஸ்பெயின் நாட்டு நகரத் திட்ட நிபுணர் இனெஸ் சாஞ்செஸ் தெ மதரியாகா இந்த அலைச்சலுக்குப் 'பராமரிப்புப் பயணம்' என்றே பெயர் வைத்தார். பெயர் இல்லாதவரை அது 'கடைக்குப் போனது', 'சொந்த வேலை' என்று கணக்கில் சிதறிக் கிடந்தது.

பணத்தையும் பாருங்கள். அவருக்கு ஒரு டிக்கெட். நீங்கள் போவது கட்டணப் பஸ் என்றால், இறங்கி ஏறும்போதெல்லாம் புது டிக்கெட். (ஒரு டிக்கெட்டில் குறிப்பிட்ட நேரம்வரை எத்தனை முறையும் மாறி ஏறலாம் என்ற ஊர்களில் இந்தத் தண்டம் இல்லை.)

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி: "பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடலாம் என்று, சம்பளம் குறைந்தாலும் பக்கத்தில் சேர்ந்தேன்." அந்த 4 கி.மீ. வசதி இல்லை, நீங்கள் கொடுத்த விலை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் கெய்ன் 1968-ல் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களை ஆராய்ந்து, கறுப்பின மக்களுக்கு விரும்பிய பகுதியில் வீடு கிடைக்காததால் தூரத்து வேலைகளும் கைநழுவுகின்றன என்றார். அங்கே கட்டிப்போட்டது வீடு. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது பள்ளி விடும் மணி.

வாதாட வேண்டாம். ஒரு வாரம் உங்கள் பாதையில் அவர் போகட்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மாற்றிப் பார்த்தோம். ஒன்பதரைக்கே போன்: "மருந்துச் சீட்டு எந்தப் பையில வச்சிருக்க?"