குரூப் ப்ராஜெக்டுக்கு போர்டு கேம் டிசைன் பண்ணணும், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

சேலத்துல காலேஜ் படிக்கறப்ப நாங்க நாலு பேர் சேந்து இதே ப்ராஜெக்ட் பண்ணோம், அந்த அனுபவத்துல சொல்றேன், தயவுசெஞ்சு போர்ட அழகா வரையறதுல ஆரம்பிக்காதீங்க. ரெண்டு ரூல் கெடச்சதும் சார்ட் பேப்பர்ல பென்சில் கோடு போட்டு அன்னிக்கே யாரையாவது உக்கார வெச்சு ஆட விடுங்க. கலர் அடிச்சு முடிச்சிட்டா அப்புறம் ஒரு கட்டத்த அழிக்கக்கூட மனசு வராது.

எங்க கேம் ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுதான் கட்டம், மேல இருந்து காபிக்கொட்டை மூட்டைய அடிவாரத்துக்கு எறக்கணும், திரும்பறப்ப அரிசி ஏத்திட்டுப் போகணும். மலை ரோட்ல ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும்ல, அதையே ரூலா வெச்சோம், ஒரே வளைவுல ரெண்டும் சந்திச்சா எறங்குற காய் ஒரு கட்டம் பின்னால போயிரணும். இத யாருக்குமே ரெண்டாவது தடவ சொல்ல வேண்டி வரல, ஏற்காடு பஸ்ல போனவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான.

சிக்கல் வந்தது தாயக்கட்டைல. தாயம், அதாவது ரெண்டு கட்டையும் சேந்து ஒண்ணு, விழுந்தாத்தான் காய போர்டுல வெக்க முடியும்னு பழைய ஆட்டத்துல இருக்கறத அப்படியே எடுத்துக்கிட்டோம். முதல் டெஸ்ட் கன்னங்குறிச்சில ஃப்ரெண்டு வீட்ல, அவனோட ஆயாவும் உக்காந்தாங்க. பித்தளைக் கட்டைய உள்ளங்கைல தேச்சு தேச்சு உருட்டறாங்க, மூணு, அஞ்சு, ரெண்டுன்னு விழுகுது, தாயம் மட்டும் விழுகவே இல்ல. பத்து ரவுண்டு தாண்டினதும் "நீங்க ஆடுங்க சாமி"ன்னு கட்டைய வெச்சுட்டு மொறத்த இழுத்து அவரக்கா நார் உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் கணக்கு போட்டோம். ஒவ்வொரு கட்டைலயும் 0, 1, 2, 3, ரெண்டும் சேந்து 16 விதமா விழலாம், அதுல தாயம் ரெண்டே ரெண்டு, அதாவது எட்டுல ஒரு வாய்ப்பு. பத்து தடவ உருட்டியும் விழாம போறதுக்கு 26 சதவீதம் வாய்ப்பு இருக்கு, நாலு பேர் ஆடினா கிட்டத்தட்ட ஒருத்தர் சும்மாவே உக்காந்திருக்கணும். தாயம் நல்ல ஆட்டம், பொழுது பூரா திண்ணைல ஆடறதுக்கு அந்த ரூல் சரி, முக்கா மணி நேரத்துல முடியற கேமுக்கு சரிவராது. அதனால எல்லாரும் மொத ரவுண்டுலயே காய போர்டுல வெக்கலாம், தாயம் விழுந்தா எதிர்ல வர்ற வண்டிய தாண்டிப் போகலாம்னு மாத்தினோம். அடுத்த வாரம் ஆடறப்ப மொறம் அடுப்படிலயே கெடந்துச்சு, ஆயா ரெண்டு ஆட்டம் ஆடினாங்க.

அடுத்து ரூல் பேப்பர். ஜூனியர்ஸ்கிட்ட குடுத்துட்டு நாங்க தள்ளி உக்காந்து தட்டுவடை செட் சாப்ட்டுக்கிட்டே பாத்தோம், வாய தொறக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனோம். ரொம்ப கஷ்டம்ங்க, அவங்க தப்பா ஆடறப்ப நாக்கு நுனி வரைக்கும் வருது. ஆனா கேம் பெட்டி கூட நாம போகப்போறதில்லயே, பேப்பர்தான போகும். அவங்க தடுமாறின எடத்த எல்லாம் குறிச்சு வெச்சு மூணு பக்க ரூல ஒரு பக்கமா சுருக்கினோம்.

வேலையப் பிரிக்கறப்ப ஒருத்தர் டெஸ்ட் நோட்டு மட்டும் பாத்துக்கட்டும். தேதி, எத்தன பேர் ஆடினாங்க, எவ்ளோ நேரம் ஆச்சு, யார் எப்ப ஃபோன எடுத்தாங்க, அதுக்கப்புறம் எந்த ரூல் மாறுச்சு, எல்லாத்தையும் அன்னன்னிக்கே எழுதிருங்க. எங்க வைவால கேட்ட கேள்வி முக்காவாசி அந்த நோட்டுலருந்துதான் வந்துச்சு.