மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணவர் அடித்தால், பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ‘குடும்பச் சண்டை’ என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

முதலில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடித்தது யார் என்று டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வெட்கப்பட்டு ‘வழுக்கி விழுந்தேன்’ என்றால் பின்னால் அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ரிப்போர்ட்டை எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம். மலாயில் தட்டச்சு செய்ததைக் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘புக்குல்’ (அடித்தார்) என்பது ‘பெர்காடு’ (சண்டையிட்டோம்) என்று மாறியிருந்தால் வழக்கே தளர்ந்துவிடும். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெறலாம். அதுவரை பொறுக்க முடியாதா? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல இலாகா அதிகாரியே தருவார். போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை, 7 நாள் செல்லும். அழைக்க: தாலியான் காசே (அரசு உதவி எண்) 15999.